ரோட்டாலா மக்ராண்ட்ரா: வந்த சிவப்பு ஏன் இரண்டு வாரத்தில் போய்விடுகிறது?

கேள்வி சுருக்கமாக இது: "என்னுடையது 60 லிட்டர் மீன் தொட்டி. ரோட்டாலா மக்ராண்ட்ரா என்ற நீர்ச்செடியை மூன்றாவது முறையாக வாங்கி வைத்திருக்கிறேன். வரும்போது ரத்தச் சிவப்பாக இருக்கிறது. இரண்டு வாரத்தில் பழுப்பாகி, அடி இலைகள் கரைந்து உதிர்ந்து, நுனி சுருங்கி நின்றுவிடுகிறது. எல்இடி விளக்கு தினமும் 10 மணி நேரம் எரிகிறது. ஈஸ்டும் சர்க்கரையும் கலந்த பாட்டிலிலிருந்து கார்பன் டை ஆக்சைடு போகிறது. இரும்புச்சத்து திரவத்தை இரண்டு மடங்கு ஊற்றிப் பார்த்தேன், பாசிதான் வந்தது. எங்கே தவறு?"

முதலில் அந்த இரும்பு பாட்டிலை மூடி அலமாரியில் வையுங்கள். உங்கள் செடி பட்டினி கிடக்கிறது. நிறம் மங்கியது அதில் வெளியே தெரிகிற பகுதி, அவ்வளவுதான். இதே செடியை நானும் மூன்று முறை சாகடித்திருக்கிறேன், மூன்று முறையும் இரும்பைத்தான் கூட்டினேன். அதனால் உங்கள் கேள்வியைப் படித்ததும் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் வெட்கமும் வந்தது.

ரத்தம் சிவப்பு, துரு சிவப்பு, அப்படியானால் இலையும் இரும்பால்தான் சிவக்கும் என்று மனசு தானாக முடிச்சுப் போட்டுக்கொள்கிறது. ஆனால் ரோட்டாலா இலையின் சிவப்பில் இரும்பே கிடையாது. அது ஆந்தோசயனின் என்ற நிறமி. கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஆகிய மூன்றால் ஆனது. மாதுளை முத்தின் சிவப்பும் இந்த வகைதான். மாதுளை, மருதாணி, ரோட்டாலா மூன்றும் லித்ரேசியே என்ற ஒரே குடும்பம் என்பது ஒரு வேடிக்கை. (மருதாணிச் சிவப்பு மட்டும் லாசோன் என்ற வேறு சரக்கு.) செடிக்கு இரும்பு வேண்டும், அதில் சந்தேகமில்லை. பச்சையம் தயாரிக்க அது அவசியம். குறைந்தால் புது இலைகள் நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிய வெளிறிப்போகும். போதிய அளவு கிடைத்த பிறகு அதற்கு மேல் ஊற்றுவதெல்லாம் செடிக்குப் பயன்படாது.

சரி, இலை ஏன் சிவக்கிறது? ஒரு காரணம், தாங்க முடியாத வெளிச்சம் விழும்போது பச்சையத்துக்குக் குடை பிடிப்பது. இன்னொன்று, இலையில் சர்க்கரை தேங்குவது. வெளிச்சத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் வைத்து இலை சர்க்கரை செய்கிறது. அது வளர்ச்சிக்கும் மூச்சுக்கும் போக மிச்சப்படும்போது அதில் ஒரு பங்கு ஆந்தோசயனினாக மாறுகிறது. அதாவது சிவப்பு, கையில் மிச்சம் இருக்கும் செடி செய்கிற செலவு. உங்கள் தொட்டியில் வெளிச்சம் தாராளம், கார்பன் பற்றாக்குறை. சர்க்கரையே சரியாகத் தயாராகாதபோது மிச்சத்துக்கு எங்கே போவது?

உங்களுக்கு வந்த செடி வரும்போதே சிவப்பாக இருந்தது ஒரு நல்ல தடயம். இந்தச் செடியைத் தண்ணீருக்கு மேலே, ஈர மண்ணில் வளர்த்தால் இலைகள் சிறியதாக, வட்டமாக, பெரும்பாலும் பச்சையாகவே இருக்கும். சிவப்பாக வந்தது என்றால் நீருக்கடியில், நல்ல வாயு வசதியோடு வளர்ந்தது என்று பொருள். அங்கே சேர்த்த கையிருப்பை உங்கள் தொட்டியில் உட்கார்ந்து தின்றிருக்கிறது. இரண்டு வாரம் அது தீர எடுத்த நேரம். அடி இலைகள் முதலில் கரைவதும் அதனால்தான். பழைய இலைகளில் உள்ள சத்தை உருவி நுனிக்கு அனுப்பி, நுனியையாவது காப்பாற்றப் பார்க்கிறது.

இனி வாயு விஷயம். இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இந்தச் செடியில் நான் கற்ற பாடத்தில் முக்கால்வாசி இதுதான்.

காற்றில் பரவுவதைவிட நீரில் கார்பன் டை ஆக்சைடு சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. நிலத்துச் செடிக்குக் காற்று தானாகவே வாயுவைக் கொண்டுவந்து கொடுத்துவிடும். நீருக்கடியில் இருப்பதற்கு இலையைச் சுற்றி அசையாத ஒரு நீர்ப்படலம் இருக்கிறது. அதைத் தாண்டி வாயு உள்ளே போக வேண்டுமானால் நீரில் அளவு அதிகமாக இருக்க வேண்டும், நீரும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். வாயு கொடுக்காத தொட்டியில் பெரும்பாலும் 2 அல்லது 3 பிபிஎம்தான் (பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) இருக்கும். மக்ராண்ட்ரா போன்ற செடிக்கு 25 முதல் 30 பிபிஎம் வரை வேண்டும். அதுவும் தினமும் அதே அளவில்.

ஈஸ்ட் பாட்டிலால் முடியாதது அந்தக் கடைசி நிபந்தனை. முதல் மூன்று நாள் குபுகுபுவென்று வரும், பிறகு நிதானப்படும், பத்தாவது நாளில் இருமிக்கொண்டு நின்றுவிடும். நீங்கள் புதிதாகக் கரைத்து வைப்பீர்கள், மறுபடி முதலிலிருந்து. ராத்திரியிலும் அடைக்க முடியாது. வாயு அளவுக்குத் தகுந்தபடி இலை தன் நொதிகளின் அளவை மாற்றி அமைத்துக்கொள்கிறது, அதற்குச் சில நாள் ஆகும். அது ஒரு அளவுக்குப் பழகும்போது நீங்கள் அளவை மாற்றிவிடுகிறீர்கள். நிலையான 15 பிபிஎம், ஏறி இறங்கும் 30 பிபிஎம்மைவிட எவ்வளவோ மேல். நுனி சுருங்கி நிற்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் உங்கள் தொட்டியின் விவரத்தைப் பார்த்தால் நான் பந்தயம் கட்டுவது இதன் மேல்தான்.

ஆகவே சிலிண்டர், ரெகுலேட்டர், ஊசி வால்வு, மின்சாரத்தில் திறந்து மூடும் சோலினாய்டு வால்வு, டைமர், வாயுவை நுண்குமிழிகளாக்கி விடும் டிஃப்யூசர் இவை வேண்டும். சிட்ரிக் அமிலமும் சமையல் சோடாவும் கலந்து, வால்வோடு வரும் உருளைகள் இடைவழி. அவற்றில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்த முடியும், ஈஸ்டைவிட நிலையானவை, சின்னத் தொட்டிக்குப் போதும்.

அளவை எப்படித் தெரிந்துகொள்வது? நொடிக்கு இத்தனை குமிழி என்ற கணக்கை நம்பாதீர்கள். குமிழியின் அளவு கருவிக்குக் கருவி மாறும், அதில் எவ்வளவு கரைகிறது, எவ்வளவு மேலே போய் வெடிக்கிறது என்பதும் தெரியாது. டிராப் செக்கர் என்ற கண்ணாடிக் குமிழை வாங்கி, அதில் 4 டிகிரி கேஹெச் (கார்பனேட் கடினத்தன்மை) உள்ள கரைசலும் சோதனைத் துளிகளும் விட்டுத் தொட்டிக்குள் ஒட்டுங்கள். தொட்டித் தண்ணீரையே அதில் ஊற்றிவிடுவது பலர் செய்யும் தவறு. நீலம் என்றால் குறைவு, பச்சை என்றால் ஏறக்குறைய 30, மஞ்சள் என்றால் மீன்களுக்கு ஆபத்து. அது நிறம் மாற ஒன்றிரண்டு மணி நேரம் பிடிக்கும், அதனால் அது காட்டுவது சற்று முந்தைய நிலவரம்.

இன்னும் துல்லியம் வேண்டுமானால் பிஹெச் பாருங்கள். தொட்டித் தண்ணீரை ஒரு டம்ளரில் எடுத்து ஒரு நாள் திறந்து வைத்தால் கூடுதல் வாயு வெளியேறிவிடும். அதன் பிஹெச்சை அளந்துகொள்ளுங்கள். வாயு ஓடும்போது தொட்டியின் பிஹெச் அதைவிட ஒரு புள்ளி குறைந்திருந்தால், வாயு பத்து மடங்காகியிருக்கிறது, அதாவது 3 பிபிஎம் 30 ஆகியிருக்கிறது. விளக்கு எரிவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே வாயுவைத் திறந்துவிடுங்கள், விளக்கு அணைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு மூடிவிடுங்கள். விளக்கு வரும்போது டிராப் செக்கர் பச்சைக்கு வந்திருக்க வேண்டும். மதியம் பச்சையாகி என்ன பயன்?

ஒரு எச்சரிக்கை, பட்டுத் தெரிந்துகொண்டது. சிலிண்டருக்குள் வாயு திரவமாக இருக்கிறது. திரவம் மிச்சம் இருக்கும் வரை அழுத்த மீட்டரின் முள் ஒரே இடத்தில் நிற்கும். முள் இறங்க ஆரம்பித்தால் கடைசிக் கட்டம் என்று பொருள். அப்போது அழுத்தத்தை ஒரே கட்டத்தில் குறைக்கும் மலிவான ஒற்றை நிலை ரெகுலேட்டர்கள் சில, மிச்ச வாயுவை மொத்தமாகத் தொட்டியில் கொட்டிவிடும். நான் முள் இறங்கியதைப் பார்த்தேன், "இன்னும் ரெண்டு நாள் ஓடும்" என்று விட்டேன். மறுநாள் மாலை பாதி மீன்கள் மேலே வாயைப் பிளந்துகொண்டிருந்தன, மீதிப் பாதி அடியில் கிடந்தன. முள் இறங்கினால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

நீரோட்டத்தைப் பார்க்க எளிய வழி உண்டு. செடிகளின் இலைகள் தொட்டியின் எல்லா மூலையிலும் லேசாக அசைய வேண்டும். ஒரு மூலையில் மட்டும் அசையாமல் நின்றால் அந்த மூலையில்தான் முதலில் பாசி வரும்.

அடுத்து விளக்கு. 10 மணி நேரத்தை இன்றைக்கே 6 ஆக்குங்கள். வெளிச்சம்தான் செடியின் பசியைத் தீர்மானிக்கிறது. பசியை மட்டும் கிளப்பிவிட்டுச் சாப்பாடு போடாமல் இருப்பதுதான் இப்போது உங்கள் தொட்டியில் நடக்கிறது, போட்ட இரும்பு பாசிக்குப் போனது. வாயு சீரான பிறகு 7, 8 மணி நேரம் வரை கூட்டலாம், அதற்கு மேல் தேவையில்லை. நேரத்தைக் கூட்டுவது செறிவுக்கு ஈடாகாது, மங்கலான விளக்கை 12 மணி நேரம் எரித்தாலும் இந்தச் செடி சிவக்காது. பார் (PAR) மீட்டர், அதாவது செடிக்குப் பயன்படும் வெளிச்சத்தை அளக்கும் கருவி, கிடைத்தால் செடியின் உயரத்தில் 80 முதல் 120 வரை காட்ட வேண்டும். மீட்டர் இல்லாவிட்டால் செடியே சொல்லும். கணுவுக்கும் கணுவுக்கும் இடைவெளி நீண்டு செடி மேலே ஓடினால் வெளிச்சம் போதவில்லை. கணுக்கள் நெருங்கி, இலை அகன்று, ஓரம் அலை அலையாக இருந்தால் போதும்.

சில நேரம் செடி சிவப்பாகத்தான் இருக்கும், விளக்குதான் காட்டாது. 600 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள சிவப்பு ஒளி குறைவாக வரும் வெள்ளை எல்இடியின் கீழ் நல்ல மக்ராண்ட்ராவும் பழுப்பாகத் தெரியும். சிவப்பு, பச்சை, நீல டயோடுகள் தனித்தனியாக உள்ள விளக்கின் கீழ் அதே செடி பற்றி எரிவதுபோல் இருக்கும். பார்க்கும் கண்காட்சித் தொட்டிப் படங்களில் பாதி அழகு இந்த விளக்கின் வேலை. சந்தேகம் வந்தால் ஒரு தண்டை வெளியே எடுத்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

தண்ணீரைப் பற்றி நீங்கள் எதுவும் சொல்லவில்லை. கேஹெச் எவ்வளவு என்று அளந்து பாருங்கள். மக்ராண்ட்ரா தென்னிந்தியாவின் மென்னீர் நிலைகளைச் சேர்ந்த செடி, கார்பனேட் கடினத்தன்மை அதிகமான தண்ணீர் அதற்குப் பிடிக்காது. 4 டிகிரிக்குக் கீழே இருந்தால் நல்லது, 1 அல்லது 2 என்றால் இன்னும் நல்லது. ஒரு டிகிரி என்பது கால்சியம் கார்பனேட் கணக்கில் சுமார் 18 பிபிஎம். கிணற்று நீரோ குழாய் நீரோ 10, 12 டிகிரி காட்டினால் முக்கால் பங்கு ஆர்ஓ தண்ணீர் கலக்க வேண்டிவரும். முழுக்க ஆர்ஓ ஊற்றினால் கால்சியமும் மக்னீசியமும் திரும்பச் சேர்க்க வேண்டும், மொத்தக் கடினத்தன்மை 4 முதல் 6 டிகிரி இருக்கும்படி. அதை மறந்தால் நுனி இலைகள் முறுக்கிக்கொண்டு வரும், நீங்கள் மறுபடி வாயுவைத்தான் சந்தேகப்படுவீர்கள். அக்வாசாயில் எனப்படும் செடி மண்ணை அடியில் போட்டால் அது சில மாதங்களுக்கு கேஹெச்சை இழுத்துக் குறைத்துக்கொண்டே இருக்கும். தொட்டிக்குள் சுண்ணாம்புக் கல்லோ சிப்பியோ இருந்தால் எடுத்துவிடுங்கள். வெப்பம் 22 முதல் 26 டிகிரி செல்சியஸ். டிஸ்கஸ் மீனுக்காகச் சூடாக வைத்த தொட்டியில் இது ஒல்லியாகி ஓடும்.

உரத்தில் எல்லாரும் ஏதாவது ஒரு கட்சியில் சேர்ந்துவிடுகிறார்கள். ஒரு பக்கம் எல்லாவற்றையும் தாராளமாகப் போட்டு வாரம் ஒருமுறை பாதித் தண்ணீரை மாற்றுகிறவர்கள், இன்னொரு பக்கம் நைட்ரேட்டைப் பட்டினி போட்டால்தான் சிவக்கும் என்கிறவர்கள். நைட்ரஜன் குறைந்தால் செடியால் புரதம் செய்ய முடியாது, சர்க்கரை தேங்கும், ஆந்தோசயனின் கூடும். இது உண்மைதான். ரோட்டாலா ரொட்டுண்டிஃபோலியாவின் ஹ்ரா என்ற வகையில் இது பிரமாதமாக வேலை செய்யும். அது முரட்டுச் செடி, தாங்கும். மக்ராண்ட்ராவைப் பட்டினி போட்டால் சிவப்பு வருவதற்கு முன்பே அடி இலைகள் போய்விடும். நான் நைட்ரேட்டை 5 முதல் 10 பிபிஎம்முக்குள் வைத்துக்கொள்கிறேன், பாஸ்பேட் 1, பொட்டாசியம் 10 முதல் 15. இரும்பு 0.1 பிபிஎம் இருந்தாலே தாராளம். அதிலும் எந்த வகை இரும்பு என்று பாருங்கள். ஈடிடிஏ என்ற வேதிப்பொருள் பிடித்து வைத்திருக்கும் இரும்பு பிஹெச் 6.5க்கு மேல் நிலைக்காது, 7ஐ ஒட்டிய தண்ணீருக்கு டிடிபிஏ வகைதான் சரி.

இதற்காக ஆடம்பர பாட்டில்கள் வேண்டாம். பொட்டாசியம் நைட்ரேட் 10 கிராமை 200 மில்லி தண்ணீரில் கரைத்து வையுங்கள். அதில் 10 மில்லி எடுத்தால் அரை கிராம் உப்பு, 60 லிட்டர் நீரில் நைட்ரேட் சுமார் 5 பிபிஎம்மும் பொட்டாசியம் 3 பிபிஎம்மும் கூடும். மண், கல், செடி போக உங்கள் தொட்டியில் உண்மையில் 50 லிட்டர்தான் தண்ணீர் இருக்கும், அதனால் 8 மில்லி போதும். மீன்கள் நிறைய இருந்தால் அதுவும் பாதிதான். கரைசல் பாட்டிலில் பெயர் எழுதி ஒட்டுங்கள். வெள்ளை உப்புக் கரைசல்கள் எல்லாம் பார்க்கத் தண்ணீர் மாதிரிதான்.

ஒரு கிளைச் செய்தி. ஆல்டர்நாந்தெரா ரெய்னெக்கியும் சிவப்புச் செடிதான், ஆனால் அது கீரைத்தண்டு, பீட்ரூட் குடும்பம். அந்தக் குடும்பத்தின் சிவப்பு பீட்டலெயின் என்ற வேறொரு நிறமி, அதில் நைட்ரஜன் உண்டு. அதனால் நைட்ரேட்டைக் குறைத்து அதைச் சிவக்க வைக்கலாம் என்று போனால் ஏமாற்றம்தான். "சிவப்புச் செடிக்கு இப்படிச் செய்" என்று பொதுவாகச் சொல்லும் அறிவுரைகளில் எந்தச் செடி என்று கேட்டுவிடுங்கள்.

நடுவது பற்றி. இதன் தண்டு நீர்த்தண்டு, விரலால் அழுத்தினாலே நசுங்கும். நசுங்கிய இடத்திலிருந்து அழுகல் மேலே ஏறும். கட்டிவந்த ஈயப்பட்டை, பஞ்சு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, அடிப்பகுதியைக் கூரான கத்தரியால் ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள். கீழ் இரண்டு கணுக்களின் இலைகளை நீக்குங்கள். நீண்ட இடுக்கியால் தண்டைப் பிடித்துச் சாய்வாக மண்ணுக்குள் செலுத்தி, இடுக்கியை லேசாகத் திறந்து, கொஞ்சம் ஆட்டி வெளியே எடுங்கள். நேராக இழுத்தால் தண்டும் கூடவே வந்துவிடும். ஒவ்வொரு தண்டும் தனித்தனியாக, இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளியில். கொத்தாக நட்டால் நடுவில் வெளிச்சமும் நீரோட்டமும் போகாமல் உள்ளிருந்தே கரையும். நட்டபின் இடம் மாற்றாதீர்கள். நான் ஒருமுறை "இன்னும் கொஞ்சம் வலது பக்கம்" என்று மூன்று நாளில் இரண்டு முறை பிடுங்கி நட்டேன். அது மூன்றாவது முறை சாகடித்த கதை.

வெட்டும் நேரம் வரும்போது தலையை வெட்டிக்கொள்ளுங்கள், அடியை அல்ல நம்ப வேண்டியது. பல தண்டுச் செடிகளில் வெட்டிய அடியிலிருந்து இரண்டு கிளை செழிப்பாக வரும். மக்ராண்ட்ராவின் அடியிலிருந்தும் வரும், ஆனால் மெலிந்து, நிறம் குறைந்து வரும். 10 சென்டிமீட்டர் நீளமுள்ள நல்ல தலைகளை நட்டு, பழைய அடிகளைப் படிப்படியாக அகற்றுவேன். எல்லாத் தண்டையும் ஒரே நாளில் வெட்டவும் கூடாது. ஒரு வாரம் பாதி, அடுத்த வாரம் மீதி.

இவ்வளவும் செய்த பிறகு பழைய இலைகளைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். கெட்ட இலை திரும்பிச் சரியாகாது, கிள்ளி எறியுங்கள். நுனியில் புதிதாக விரியும் இலைகளை மட்டும் பாருங்கள். மாற்றம் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும். முதலில் இலை பெரிதாகும், பிறகு ஆரஞ்சு கலந்த இளஞ்சிவப்பு, விளக்குக்கு நெருங்கும்போதுதான் முழுச் சிவப்பு. அந்த மூன்று வாரத்தில் ஒவ்வொரு நாளும் எதையாவது மாற்றிக்கொண்டே இருந்தால் எது வேலை செய்தது என்று உங்களுக்கே தெரியாது.

சிலிண்டர் வைக்க மனமில்லை என்றால் இந்தச் செடியை விட்டுவிடுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை. சிவப்பு டைகர் லோட்டஸ் என்று விற்கும் நீரல்லி வாயு இல்லாமலே அடர்சிவப்பாக வளரும், கிழங்கின் பக்கத்தில் மண்ணுக்குள் ஒரு உரமாத்திரை புதைத்தால் போதும். லுட்விஜியாவில் சூப்பர் ரெட் என்ற வகையும் ஓரளவு வெளிச்சத்திலேயே சிவக்கும்.

வைப்பதாக இருந்தால், நான்காவது முறை செடி வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். முதலில் வாயுவைப் பொருத்தி, வேகமாக வளரும் லிம்னோஃபிலா, ஹைக்ரோஃபிலா போன்ற பச்சைச் செடிகளைத் தொட்டி நிறைய நட்டு, மூன்று வாரம் ஓட்டுங்கள். டிராப் செக்கர் தினமும் விளக்கு எரியும் நேரத்தில் பச்சையாக இருந்து, மீன்கள் மேலே வராமல், கண்ணாடியில் பாசி குறைந்து, அந்தச் செடிகளை வாரம் ஒருமுறை வெட்டித் தள்ள வேண்டிய நிலை வந்தால், அப்போது மக்ராண்ட்ராவை வாங்குங்கள். பத்து தண்டு போதும், விளக்குக்கு நேர் கீழே நடுங்கள்.